எண்ணெய் விடாத விசிறி

"ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சத்தமே வராது சார்" என்றார் சுவிட்சு மாற்ற வந்தவர். வேண்டாமப்பா என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பின்னறையில் நிற்கும் அந்தக் கடகடா விசிறி என் மதினிக்காக.

அருப்புக்கோட்டையில் அண்ணன் போனபிறகு வீட்டிலிருந்த நான்கு விசைத்தறிகளையும் மதினி ஒண்டியாக ஓட்டினார். சாப்பாடு நின்றபடி, தூக்கம் உட்கார்ந்தபடி. காலில் சக்கரம் கட்டியவர் என்று ஊரே சொல்லும். ரத்த அழுத்தம் ஏறி ஒருநாள் தறிப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். தூங்காவிட்டால் எந்த மாத்திரையும் கேட்காது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். நான் பயந்துபோய் மதுரையில் என் வீட்டுப் பின்னறையில் ஒரு வாரம் படுக்க வைத்தேன். பிள்ளைகளைக்கூட உரக்கப் பேச விடவில்லை. அந்த ஒரு வாரமும் மதினி பொட்டுக் கண் மூடவில்லை.

மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள், தறி ஓடாது. அப்படியொரு நாளில் வேன் பிடித்து எல்லோரும் தனுஷ்கோடிக்குப் போனோம். வேன் ஓடினால் மதினி கண்ணயர்வார். திருச்சுழியில் டீக்கு நின்றதும் திடுக்கென்று விழித்தார். நரிக்குடியில் ஆட்டு மந்தைக்காக நின்றபோதும் அப்படித்தான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. இன்று ஒருநாளாவது நிம்மதியாக இருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டேன்.

"நானா முழிக்கேன், தம்பி? ஊடை நூலு அறுந்தா தறி நின்னுரும். சத்தம் நின்னாக் கண்ணு தானா முழிச்சிருது."

வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வாரம் வீட்டையே ஊமையாக்கி அவரைத் தூங்கவிடாமல் செய்தவன் நான்தானே!

கடல் சத்தம் நிற்கவில்லை. படகு நிழலில் சமுக்காளத்தை விரித்துச் சாய்ந்தவர் வெயில் இறங்கும்வரை தூங்கினார். குளிக்கவில்லை, போட்டோவுக்கு நிற்கவில்லை, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரிக்கவுமில்லை. எழுப்பப் போன என் மகளைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். கடல் எப்படி என்று ஊரில் கேட்டவர்களிடம், "ஒண்ணுமே பாக்கல" என்று மதினி சிரித்தார். அண்ணன் போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது மின்சாரம் நிறுத்தும் நாளுக்கெல்லாம் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். இன்றும் வந்தார். சாப்பிட்டு, விசிறிப் பக்கம் தலைவைத்துப் படுத்துக் கண்ணயர்ந்தார். பார்த்தால், எங்கள் தெருவிலும் மின்சாரம் போய்விட்டது. இறக்கை சுற்றி ஓய்வதற்குள் ஓடிப்போய், கைக்குக் கிடைத்த மரக்கரண்டியால் கட்டில் காலைத் தட்டத் தொடங்கினேன். கடகட, கடகட. மதினி புரண்டு படுத்தார். மின்சாரம் வரும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.