பச்சை என்றால் மஞ்சள்

ஆப்பிரிக்காவில் ஒரு மாம்பழக் கூழ் ஆலைக்கு இயந்திரம் பொருத்தப் போன அண்ணன், மலேரியாவோடு திரும்பி வந்தான். திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் ஊசி மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாளே ரத்தத்தில் கிருமி இல்லை. நான் சித்தூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். அந்த முடிவை இரண்டு முறை படித்த பிறகுதான் அவனைப் பங்காருபாளையம் வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

அண்ணியிடம் கட்டம் போட்ட ஒரு தாள் கொடுத்துவிட்டு வந்தேன். காலைக் காய்ச்சல், மாலைக் காய்ச்சல், மாத்திரை, சாப்பாடு. அண்ணி ஊத்துக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி எட்டு மாதம்; தெலுங்கு இன்னும் பாதிதான் வந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் அண்ணி போன் செய்தாள். சிரிப்பு அடங்கவில்லை.

“பாப்பா, திருப்பதி ஆஸ்பத்திரி நர்ஸம்மா போன் பண்ணி, கண்ணு பச்சகா உந்தான்னு கேக்குறாங்க. பச்சையா இருக்க உங்க அண்ணன் என்னா பூனையா? இல்லீங்கன்னு சொல்லிட்டேன்.”

நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. தெலுங்கில் கண் ‘பச்ச’ என்றால் மஞ்சள்.

“அண்ணி, கண்ணு மஞ்சளா கீதா?”

“ரெண்டு நாளா கீது. ஊசி போட்ட சூடுன்னு எளநி குடுத்துக்கினு இருக்கேன்.”

“ஒண்ணுக்கு?”

அண்ணி தயங்கினாள். பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. “டிக்காஷன் மாதிரி போவுதுன்னு சொல்லு. அதுக்கும் ஒரு கட்டம் போட்டுக் குடுப்பா.”

கட்டம் போட்டிருக்க வேண்டும். கிருமி போனதும் நோய் முடிந்தது என்று நான்தான் நினைத்துவிட்டேன்.

அன்றே காரில் திருப்பதிக்குப் போனோம். ஹீமோகுளோபின் ஐந்துக்கு இறங்கியிருந்தது. மருந்து கிருமியைக் கொன்றாலும், அது குடியிருந்த ரத்த அணுக்களுக்கு ஆயுள் குறைந்துவிடுமாம். சிலருக்கு ஓரிரு வாரம் கழித்து அவை மொத்தமாக உடைந்து, கண் மஞ்சளாகுமாம். அதற்காகத்தான் போனில் விசாரித்தோம் என்றார் மருத்துவர்.

ரத்தம் ஏறும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மஞ்சளைப் பாத்தப்பவே எனக்குப் புரிஞ்சிருந்தா முன்னயே வந்திருக்கலாம், இல்ல?”

“கண்ணைப் பாத்தது நீங்கதான் அண்ணி. நான் தாளைக் குடுத்துட்டுப் பூட்டேன்.”

நான்காம் நாள் அணுக்கள் உடைவது நின்றது. அந்த அறிக்கையோடு வார்டுக்குள் போனேன். அண்ணி அவன் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெள்ளை ஆயிடுச்சா?” என்றான்.

“இன்னும் இல்ல. ஆடாம இருங்க.”