மாடசாமி கம்பியூட்டருக்கு வேகம் ஏற்றிய கதை

எல்கடுவப் பக்கத்துத் தேயிலை பெக்டரியில் மாடசாமிக்கு டிரையர் பார்க்கிற வேலை. கொழுந்தைக் காய வைக்கும் அந்த ராட்சத அடுப்பின் முன்னால் இருபத்தெட்டு வருஷம் நின்றவர். சூடு எத்தனை டிகிரி என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். பெண்சாதி புஷ்பவதியின் கோபத்தைக்கூட டிகிரிக் கணக்கில்தான் அளப்பார். அப்படிப்பட்ட மனுஷனைத்தான் கடைசியில் சூடு ஏமாற்றியது.

அவருடைய அக்கா இரத்தினம்மா 1973-இல் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவள். கோத்தகிரியில் இருக்கிறாள். 2007 கடைசியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. கண் மங்கிவிட்டதாம், தை மாதத்துக்குள் முழுசாக இருட்டிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். போட்டோவில் ஒன்றும் தெரிவதில்லை, டீவியில் பெரிதாகக் காட்டினால் முகம் பிடிபடுகிறதாம். "எல்லார் மொகத்தையும் ஒருக்கா பாத்துட்டா போதும்" என்று எழுதியிருந்தாள்.

மாடசாமி கேமரா இரவல் வாங்கி தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த சொந்தக்காரர், தன்னோடு சேர்த்து முப்பத்தோரு பேரையும் படம் பிடித்தார். ஆளுக்கு நாலு நிமிஷம். முப்பத்து நாலு வருஷத்துக் கதையை நாலு நிமிஷத்தில் அடைக்கச் சொன்னால், எல்லாரும் முதல் அரை நிமிஷத்துக்குக் கும்பிடு போட்டு "நல்லா இருக்கியா?" என்று கேட்டார்கள். பிறகுதான் செத்தவர் பிறந்தவர் கணக்குக்கு வந்து, மூக்கைச் சிந்தினார்கள்.

படம் ரெண்டு மணி நேரம் வந்தது. அதை சீடியாக்க மாடசாமியின் பழைய கம்பியூட்டருக்குப் பதினாலு மணி நேரம் வேண்டும். அந்தப் பெட்டியின் வேகத்துக்கு ஒரு நத்தை பந்தயம் கட்டியிருந்தால் நத்தை பணக்காரனாகியிருக்கும். லயத்துக் கரண்டோ காலை ஐந்துக்கு வரும், மாலை ஐந்துக்குப் போகும். மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் பாதியில் இருட்டு.

மாத்தளை டவுனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ரவூப், சாமான் எடுக்க அடுத்த வியாழக்கிழமை காலை சென்னைக்குப் போகிறார். சீடியை அவர்தான் கொண்டு போய், அங்கிருந்து அக்காவுக்கு அனுப்பவேண்டும். யுத்த காலத்தில் தபாலில் போட்டால், தபால் போய்ச் சேருமுன் அக்காவின் பேரப்பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

"பெட்டியக் கடைக்குக் கொண்டாங்களே அண்ணே" என்றார் ரவூப்.

"வயரும் டப்பாவுமா நான் பஸ்ஸுல ஏறினா, செக்பொயின்ட்ல எறக்கி என்னையவே கழட்டிப் பாப்பானுங்க தம்பி."

"சரி, அப்ப வீட்டுலயே வேகத்தக் கூட்டுங்க. பெட்டி தொடங்குறப்ப வர்ற பயோஸ் செட்டிங்ல நூறுன்னு ஒரு நம்பர் இருக்கும். ஒரேயடியா ஏத்தாதீங்க. மூணு மூணா ஏத்தி, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. மூளைக்கு மேல ஒட்டுற பசையப் புதுசாப் போடுங்க, அரிசி அளவு போதும். வோல்டேஜ்ல மட்டும் கை வச்சிராதீங்க. சூடு அறுபத்தஞ்சத் தாண்டினா நிப்பாட்டிருங்க."

"சூட்டப் பத்தி எனக்கா சொல்றீங்க?" என்று மாடசாமி சிரித்தார்.

உண்மையிலேயே பத்திரமாகத்தான் செய்தார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். விசிறியில் இருந்த தூசியைத் தட்டினார், அதில் ஒரு பாத்தி கீரை போடலாம். நாலைந்து நாளில் நூறு நூற்றி இருபத்தேழானது. வெளியே மார்கழிப் பனி. சூடு ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை. பதினாலு மணி வேலை பதினொன்றாகச் சுருங்கியது.

புதன்கிழமை காலை ஐந்துக்குத் தொடங்கினார். நாலு மணிக்கு முடியவேண்டும்.

அன்று பௌர்ணமி, போயா லீவு; தோட்டத்தில் யாருக்கும் வேலை இல்லை. அதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

பத்து மணிக்கு இரண்டு பேர் படம் பார்க்க வந்தார்கள். பன்னிரண்டுக்குப் பதினைந்து பேர். ஒரு மணிக்கு, படத்தில் இருந்த எல்லாருமே மாடசாமியின் பத்தடி காம்பரா அறைக்குள் இருந்தார்கள். பனி உள்ளே வருகிறது என்று யாரோ கதவைச் சாத்தினார்கள். புஷ்பவதி தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினாள். திரையின் மூலையில் சூடு காட்டும் எண் அறுபதானது, அறுபத்திரண்டானது.

மூத்தவர் நேசம்மா மாமி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பெட்டியின் திறந்த பக்கத்தை ஒட்டியே உட்கார்ந்தார். கம்பளி விசிறியை அடைத்துத் தொங்கியது. ஒரு கல்யாணத்தில் பாயசம் பிந்தியதற்காகப் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தவர் அவர்.

"மாமி, இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி..."

"ஏன்டா, ஒன் பொட்டிய நான் இடுப்புல வச்சிட்டு ஓடிருவேனா?"

"இல்ல மாமி, காத்து..."

"காத்து வேணும்னா வெளிய போய் வாங்கு. எனக்குக் குளிருது."

அறுபத்தாறு. டிரையராக இருந்தால் ஒரே இழுப்பில் நெருப்பைக் குறைத்திருப்பார். சொந்தக்காரரைக் குறைக்க எந்தக் கம்பியை இழுப்பது? "நிப்பாட்டுங்கங்க" என்று புஷ்பவதி காதில் சொன்னாள். நிறுத்தினால் ஒன்றுமே மிஞ்சாது. எழுபத்து மூன்று. மாடசாமி நிறுத்தவில்லை.

இரண்டேகாலுக்குத் திரை அப்படியே உறைந்தது. எண்பத்து நாலு சதவீதம்.

"என்னடா, எல்லாம் செல மாதிரி நிக்குது?" என்றார் மாமி.

மாடசாமி பெட்டியை அணைத்து ஆறவிட்டு, வேக எண்ணைப் பழையபடி நூறுக்கே இறக்கினார். செய்த எண்பத்து நாலு சதவீதத்தில் ஒரு துண்டுகூடத் தேறவில்லை. கரண்ட் போக இரண்டரை மணி நேரம் இருந்தது. வெட்டுகிற நேரமும் போக, பழைய வேகத்தில் அதற்குள் பதினைந்து நிமிஷப் படம்தான் ஓடும்.

"ஆளுக்கு அர நிமிஷந்தான் வைக்க முடியும்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

 அவர் வெட்ட ஆரம்பித்தார். கும்பிடு, "நல்லா இருக்கியா?", வெட்டு. அடுத்த ஆள். கும்பிடு, "நல்லா இருக்கியா?", வெட்டு. அம்மா எப்படிச் செத்தாள் என்பது போனது. 1983 கலவரத்தில் லயம் எரிந்தது போனது. அக்காவிடம் எல்லாரும் நலம்தான் விசாரிக்கப்போகிறார்கள், ஒருத்தரும் ஒரு சேதியும் சொல்லப்போவதில்லை.

பதினைந்து நிமிஷத்தில் முப்பது பேருக்குத்தான் இடம். முப்பத்தோராவது அவரே.

நாலரைக்கு சீடி வெளியே வந்தது. சரியாக ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தார்கள். நேசம்மா மாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார்.

"நான் அழுதது வந்திருக்கா?"

"இல்ல மாமி. அதுக்கு முந்தியே வெட்டியாச்சு."

மாமி கோபித்துக்கொள்ளவில்லை. கடைசி ஆள் வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஒன் மூஞ்சி எங்கடா? அவ ஒன்னைத்தானேடா தேடுவா?"

"நேரம் பத்தல மாமி" என்றார் மாடசாமி. அவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு சீடியோடு டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கரண்ட் போயிற்று.