பொன்னுரங்கம் சோபாவில் உட்கார்ந்த கதை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை நாற்காலி என்றால் பொன்னுரங்கம்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். எட்டு மடக்கு நாற்காலியைத் தலையில் சுமந்து ஆரம்பித்த ஆள், இன்றைக்கு இரண்டாயிரம் பிளாஸ்டிக் நாற்காலி, நூறு குஷன் நாற்காலி, நாலு சிவப்பு சோபா என்று நிமிர்ந்து நிற்கிறார். "இந்த ஜில்லாவுல என் நாற்காலில குந்தாத பெரிய மனுசன் ஒருத்தனக் காட்டு, மீசைய எடுத்துர்றேன்" என்பார். இதுவரை யாரும் காட்டவில்லை. மீசையும் ஜோராக இருக்கிறது.

ஒரே ஒரு குறை. நாற்பது வருடத்தில் அவர் தன் சோபாவில் உட்கார்ந்ததில்லை. கூட்டம் முடியும்வரை நாற்காலிக்காரர் பின்னால் நிற்பதுதான் வழக்கம். ஆனால் அன்றைக்குச் சிதம்பரம் இலக்கிய மன்றத்தில் பேசப்போவது அவருடைய மகள், கல்லூரி ஆசிரியை எழிலரசி. "இன்னிக்கு மொத வரிசை, சோபா" என்று முடிவு கட்டிக்கொண்டார்.

நாற்காலி ஏற்றிய குட்டி யானை வண்டியிலேயே மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஏற்றத்தாழ்வைப் பாடும் இரண்டு கவிதைகளை ஒப்பிடுவதுதான் அவள் பேச்சு. ஒன்று தென்னாப்பிரிக்கக் கவிதை. பூங்கா பெஞ்சைத் தினமும் துடைக்கிறாள் ஒரு கறுப்பினப் பெண். 'வெள்ளையருக்கு மட்டும்' என்று எழுதியிருப்பதால் அவள் அதில் உட்கார முடியாது. இன்னொன்று தமிழ்க் கவிதை. கயிற்றுக் கட்டில் பின்னிக் கொடுத்தவன், அதே கட்டிலுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறான்.

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா" என்றாள் எழிலரசி.

"எங்க ஒண்ணு? ஊரையே குந்த வச்சவன் சொல்றேன், கேளு. அங்க போர்டு எழுதி வச்சாத்தான் ஆளு ஒதுங்குது. நம்மூர்ல போர்டே வேணாம், அவனவனே நின்னுக்குவான். பெயிண்டு மிச்சம்."

எழிலரசி பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். புதுச்சத்திரம் தாண்டும்வரை பொன்னுரங்கம் காரணமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

மண்டபத்தில் நாற்காலி போட்டு முடித்ததும் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, முன் வரிசைச் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். மன்றச் செயலாளர் திருநாவுக்கரசு ஓடி வந்தார்.

"என்னா பொன்னுரங்கம், இங்க குந்திட்ட? இது சிறப்பு விருந்தினருக்கு. பின்னால போய் நில்லு."

"அப்பிடின்னு போர்டு எங்க இருக்கு?"

"போர்டு எதுக்குய்யா? இதெல்லாம் தெரியாதா?"

"நான் மூணாங்கிளாஸ் சார். எழுதி இருந்தா எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதாதது படிக்க வராது."

திருநாவுக்கரசும் லேசுப்பட்டவர் இல்லை. அழைப்பிதழின் பின்பக்கத்தில் 'சிறப்பு விருந்தினர் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சோபாவில் ஒட்டிவிட்டார். பொன்னுரங்கம் எழுத்துக் கூட்டிப் படித்தார். சொன்ன சொல் தவறாத மனிதர், எழுந்துபோய்த் தூணோரம் நின்றார். முகம் மட்டும் சுருங்கிவிட்டது.

எழிலரசி பேச எழுந்தாள். தூணோரம் அப்பாவைப் பார்த்தாள். காலிச் சோபாவையும் அதில் ஒட்டியிருந்த காகிதத்தையும் பார்த்தாள்.

"நம்ம ஊர்ல இதுக்குப் போர்டே தேவையில்ல, ரெண்டு கவிதைக்கும் அதுதான் வித்தியாசம்னு எழுதிட்டு வந்தேன். அதக் கண்டுபுடிச்சவர் எங்கப்பா, நாற்காலிக்காரர் பொன்னுரங்கம். ஆனா முன் வரிசையில இப்ப ஒரு போர்டு ஒட்டியிருக்கு. அதனால கட்டுரைய இங்கயே திருத்திக்கிறேன்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. திருநாவுக்கரசு பாய்ந்து வந்து காகிதத்தைக் கிழித்தார். "வாங்கண்ணா, உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

பொன்னுரங்கம் இந்த முறை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். உடனே உடைந்த ஸ்பிரிங் ஒன்று இடுப்பில் குத்தியது. தாமதமாக வந்து பக்கத்தில் அமர்ந்த சிறப்பு விருந்தினர் ஆரோக்கிய ராணி அம்மாள், "சௌகரியமா இருக்கா ஐயா?" என்று கேட்டார்.

"ராஜா மாதிரி இருக்கும்மா" என்றார். ஒன்றேகால் மணி நேரம் ஆள் அசையவே இல்லை.