செவுரு சுடுது சார்

மாலை ஐந்தரை மணிக்கு, கடைசிப் பார்வையாளர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும், பெருக்கித் துடைக்க வரும் அக்கா மூன்றாவது அறைக்குப் போவார். முந்தானையில் கையை இரண்டு முறை துடைத்துக்கொள்வார். சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் மேலே சுவரில் உள்ளங்கையைப் பதிப்பார். பிறகு ஒரு சாண் கீழே. பிறகு கூரையை நோக்கி ஓடும் கம்பிக் குழாயின் மேல் விரல்களை மட்டும். கண்கள் வேறெங்கோ இருக்கும். அது காலையில் ஏரிக்குள் இருந்த கை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவி, இறாலின் அசைவை விரலில் கண்டு, அப்படியே அமுக்கி எடுத்து, பல்லில் கடித்திருக்கும் பறி என்கிற ஓலைக்கூடைக்குள் போடுகிற கை. வலை கிடையாது, தூண்டில் கிடையாது, படகும் கிடையாது. கலங்கிய நீருக்கடியில் எது இறால், எது கல், எது முள்ளால் கொட்டுகிற கெளிற்று மீன் என்று தொட்டே தெரிந்துகொள்ளப் பழகிய விரல்கள், எங்கள் அருங்காட்சியகத்தின் சுவரிலும் எதையோ தேடிக்கொண்டிருந்தன. நான் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, பொன்னேரி பஸ் போய்விடுமே என்று வாசலில் நிற்பேன்.

பழவேற்காட்டில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம், மூன்று அறைகள். ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய அருங்காட்சியகம் அது. வலைகள், படகு மாதிரிகள், ஸ்பிரிட் ஜாடிகளில் வெளிறிப்போன ஏரி மீன்கள், தீவுக் கிராமங்கள் பாதுகாக்கத் தந்த பழைய நோட்டுப் புத்தகங்கள். நான் காட்டூர்க்காரன், நெல் விளைகிற வீட்டுப் பிள்ளை. மீனைத் தட்டில் மட்டுமே அறிந்தவனைக் காப்பாளர் நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். பொருள்களுக்கு அடியில் வைக்கும் குறிப்புகளை எழுதுவது என் வேலை. கவிதை எழுதுகிறவன் என்பதால், நாலு சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவேன் என்று எனக்கொரு செருக்கு. அக்காவின் பறி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த அன்று, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இன்னா சார், செத்தவங்க சாமான் மாரி உள்ள வெச்சிட்ட? நாளைக்கு எறால நான் எத்துல போடுவேன், உன் தொப்பியிலயா?"

நான் தொப்பி போடுவதில்லை. வழுக்கையைத்தான் அப்படிச் சொன்னார்.

எங்கோ ஓர் ஊரில் அருங்காட்சியகம் ஒன்று எரிந்துபோனதால், எல்லா இடங்களிலும் தீப்பாதுகாப்பு ஆய்வு நடத்த உத்தரவு வந்தது. ஆய்வில் தேறினால்தான் புதிய கண்ணாடி மண்டபம் கட்ட நிதியுதவி கிடைக்கும் என்று எங்கள் அறக்கட்டளைச் செயலாளர் சொல்லியிருந்தார். நான்கு தீயணைப்பான்கள் வாங்கி மாட்டினோம். சிவப்பு வாளிகள் வந்தன. ஏரிக்கரை மணலை அள்ளி நிரப்பச் சொன்னார் செயலாளர். "உப்பு மண்ணு சார் அது. காத்துல ஈரத்தக் குடிச்சிக் கெட்டியாப் பூடும். நெருப்புல கொட்டுனா செங்கல்லாட்டம் உழும்" என்றார் அக்கா. வேறு மணல் கொண்டுவர யாருக்கும் பொறுமையில்லை. அவர் சொன்னபடியே ஒரு வாரத்தில் வாளிக்குள் மணல் இறுகிப்போனது. அதன் பிறகு வாரம் தவறாமல் அதைக் கையால் உடைத்து, முற்றத்தில் வெயிலில் பரப்பிக் காயவைத்து, மறுபடி நிரப்பினார். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

வந்த ஆய்வாளர் நல்ல மனிதர். அவரைக் குறை சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. பின்கதவு ஏன் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டு, அந்தச் சாவியைக் கதவை ஒட்டிய ஜன்னலுக்குள், வெளியிலிருந்தும் கை எட்டும்படி ஆணி அடித்துத் தொங்கவிடச் செய்தார். ஸ்பிரிட் ஜாடிகளும் சுவிட்ச் போர்டும் ஒரே அறையில் இருக்கக்கூடாது என்றார். மாற்றிவிடுகிறோம் என்றோம். மாற்றவில்லை. மூன்றாவது அறையில் அவர் போர்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, துடைப்பத்தோடு ஓரமாக நின்ற அக்கா பேசினார்.

"சார், சாயங்காலத்துல இங்க செவுரு சுடுது சார். ஏசி ஓடறப்போ மட்டும். உப்புக்காத்து உள்ள பூந்து கம்பியத் தின்னுது."

ஆய்வாளர் மூடியைப் போட்டுவிட்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். அப்போது காலை பதினொரு மணி. "ஜில்லுனுதானேம்மா இருக்கு?"

"இப்போ அப்டித்தான் இருக்கும். ஏசிய மத்தியானந்தான் போடுவாங்க. அஞ்சு மணிக்கு வந்து வெச்சிப் பாரு சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க கவனிச்சிருக்கீங்களா?"

கவனித்திருந்தேன். பதினைந்து நாள் முன்னால் அக்கா என் கையை இழுத்து அதே இடத்தில் அழுத்தியிருந்தார். டீ குடித்துவிட்டு அப்போதுதான் கீழே வைத்த கண்ணாடிக் கிளாஸ் போல வெதுவெதுவென்றிருந்தது. செயலாளர் தொண்டையைச் செருமினார். கண்ணாடி மண்டபம் வந்தால் என் குறிப்புகளுக்கு விளக்கு வெளிச்சம் கிடைக்கும், நல்ல தாளில் அச்சாகும் என்றெல்லாம் மனதுக்குள் கட்டி வைத்திருந்தேன். மெல்லச் சிரித்தபடி, "அவங்க அப்படித்தான் சார், எதையும் தொட்டுப் பார்த்தாத்தான் நம்புவாங்க" என்றேன். ஆய்வாளர் சிரித்தார், செயலாளர் சிரித்தார். அக்காவும் சிரித்தார், எங்களுக்குச் சற்றுப் பின்னால், தாமதமாக. படிவத்தில் மின் இணைப்புகளுக்கு எதிரே 'திருப்தி' என்று விழுந்தது. அடியில் என் கையெழுத்து.

கோடை தொடங்கியதும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அது நடந்தது. பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ஏசியை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டே நின்றேனே தவிர, திரும்பிப் போகவில்லை. ஓட்டு இடுக்குகளிலிருந்து புகை எழுவதைப் பார்த்து ஓடிவந்தபோது, எனக்கு முன்பே வந்துவிட்ட அக்கா ஆணியிலிருந்த சாவியால் பின்கதவைத் திறந்து, ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போயிருந்தார். அந்த நல்ல மனிதரின் ஆய்வில் நாங்கள் நிறைவேற்றிய ஒரே திருத்தம் அந்த ஆணிதான். நான் வாசலில் மாட்டியிருந்த தீயணைப்பானைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் வயிற்றில் ஒட்டியிருந்த உபயோக முறையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆம், படித்துக்கொண்டிருந்தேன். அதன் பாதுகாப்பு ஊசியை எந்தப் பக்கம் இழுப்பது என்று யாரும் எங்களுக்குக் காட்டித்தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உள்ளே ஜாடிகள் ஒவ்வொன்றாக வெடிப்பது கேட்டது. வாளி மணல் பொலபொலவென்று உதிர்ந்து ஒரு மூலையை அணைத்ததாம். மற்ற மூலைகளுக்கு மணல் போதவில்லை. கூரை இறங்குவதற்கு முன் அக்கா வெளியே வந்தார். மார்போடு அணைத்திருந்தவை தீவுக்காரர்களின் பாடு நோட்டுகள்.

ஏரியில் எந்த இடத்தில் எந்தக் குடும்பம் எந்த நாளில் வலை விரிக்கலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தலைமுறைகளின் முறை அந்த நோட்டுகளில் இருந்தது. தகராறு வந்தால் அதைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள். கையால் இறால் தடவுகிறவர்களுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. உங்கள் பறியை விட்டுவிட்டீர்களே என்று கேட்டேன். வெந்துபோன வலக்கையை மண்பானைத் தண்ணீருக்குள் விட்டபடியே சொன்னார்: "பறி இன்னா சார், ரெண்டு நாள்ல ஒண்ணு மொடைஞ்சிக்குவேன். அந்த நோட்டத் திருப்பி எவன் எழுதுவான்?" கை ஆறியது. ஆனால் உள்ளங்கைத் தோல் தடித்துவிட்டது. இறால் அசைவது அந்தக் கைக்கு அதன் பிறகு தெரியவில்லை.

விசாரணை வந்தது. மின்சாரத்தால் தீப்பிடித்தது என்று எழுதினால் நான் கையெழுத்திட்ட படிவம் பொய்யாகிவிடும். செயலாளர் என்னைத் தனியாக அழைத்து, "நீங்க எதுவும் பொய் சொல்ல வேணாம். தெரிஞ்சதை ஒரு வரி எழுதிக் கொடுங்க, போதும்" என்றார். மூன்றாவது அறையில் ஓர் அம்மன் படம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அக்கா அதற்கு அகல் ஏற்றி, அணைந்த பிறகே வீட்டுக்குப் போவார். நான் எழுதினேன்: 'துப்புரவுப் பணியாளர் மாலையில் விளக்கேற்றும் வழக்கம் உடையவர்.' ஒரு சொல்லும் பொய்யில்லை. வெள்ளிக்கிழமை என்பதை மட்டும் எழுதவில்லை. வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் செறிவான வாக்கியம் அதுதான். பணியாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை முடிந்தது. அக்காவுக்கு வேலை போனது.

எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். எரிந்த அருங்காட்சியகத்தின் காப்பாளர் என்பதே எனக்குத் தகுதியாகிவிட்டது. இன்று சிறிய அருங்காட்சியகங்களுக்குப் போய், என்னென்ன எரியக்கூடும், எப்படித் தடுக்கலாம் என்று அறிக்கை எழுதித் தருகிறேன். பயிற்சி வகுப்புகளில் மாலை போடுகிறார்கள். வருகிறவர்களை ஆளுக்கொரு தீயணைப்பானை இயக்கிப் பார்க்க வைக்கிறேன், ஸ்பிரிட் ஜாடிகளைத் தனி அறைக்கு மாற்றிய பிறகே கையெழுத்துப் போடுகிறேன். இதெல்லாம் உண்மையிலேயே பயன்படுகிறது, அதுவும் கசக்கிறது. சென்ற மாதம் ஓர் ஊரில், என்னோடு வந்த இளம் பொறியாளர் வெப்பம் காட்டும் கேமராவைச் சுவரை நோக்கிப் பிடித்தார். திரையில் சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் மேலே சிவப்பாக ஒரு திட்டு. அந்த ஊர்ச் செயலாளர் உடனே மின்பணியாளருக்குப் போன் செய்தார். யாரும் சிரிக்கவில்லை. மறுநாளே பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா குடிசை வாசலில் இடக்கையால் நண்டுக் கால்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துப் போயிருந்த கடிதத்தை நீட்டினேன். மேலிடத்துக்கு அனுப்பி அறிக்கையைத் திருத்தச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் கடிதத்தை வாங்கவில்லை.

"பேப்பர வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்? ஊர்ல என் பேரு இன்னா தெர்யுமா சார்? நெருப்பு. ஏ நெருப்பு, வா நெருப்பு. நான் பொறந்த சுண்ணாம்புக்குளத்துல எங்க நைனா எனக்கு வெச்ச பேரு எனக்கே மறந்துபோச்சு."

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"அது போவட்டும். எம் பொண்ணு இஸ்கூல்ல சோறாக்குற வேலைக்குக் கேட்டா. நெருப்பு பொண்ண அடுப்பாண்ட வுட்டா பள்ளிக்கூடம் தாங்குமான்னு சிரிக்கிறானுங்க. சிரிச்சிகினேதான் சொல்றானுங்க. வேலைய மட்டும் குடுக்கல." ஒரு முடிச்சை இறுக்கினார். "சொல்றதுன்னா ஊருக்கு முன்னாடி சொல்லு சார். காலைல ஏலத்துல அல்லாரும் இருப்பாங்க. பள்ளிக்கூடத்துக்கு ஆள் வெக்கிறவனும் அங்கதான் நிப்பான்."

பொழுது விடிந்ததும் ஏலத் துறைக்குப் போனேன். படகுகள் வந்துகொண்டிருந்தன. கூடைகளின் நடுவே நின்று ஏலம் கூறுபவர் மூச்சுவிடாமல் விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். தீவுக்காரர்கள், மீன்காரிகள், ஐஸ்காரர்கள், கூட்டத்தின் விளிம்பில் நண்டுக் கூடையோடு அக்கா. நான் உள்ளே நுழைந்து, என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்க, சொன்னேன். அந்தத் தீ அக்காவால் வரவில்லை, கம்பி சூடாவதை அவர் முன்பே சொன்னார், நான்தான் மறைத்தேன், பிறகு அவர்மேல் பழி விழும்படி எழுதியதும் நான்தான் என்று.

ஏலக்காரர் நிறுத்தினார். எரிச்சலில்லாமல் என்னைப் பார்த்தார். "தெர்யும் சார்."

"என்ன தெரியும்?"

"கரண்டுல புடிச்சிதுன்னுதான். அது வெள்ளிக்கெழமதான வெளக்கேத்தும். தீ புடிச்சது செவ்வாக்கெழம. அன்னிக்கே அல்லாருக்கும் தெர்யும்."

"எங்க நோட்ட எடுத்தாந்ததே அதுதான" என்றார் ஒரு தீவுக்காரர், கூடையிலிருந்து நிமிராமல்.

"இத சொல்லவா சார் பஸ்ஸு புடிச்சி வந்த?" என்று ஒரு மீன்காரி கேட்டதும் சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்புதான், அதில் பகை ஒன்றுமில்லை. பள்ளிக்கு ஆள் வைக்கிறவர் யாராக இருக்கும் என்று தேடினேன். எல்லோருமே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு சார், ஐஸு வருது" என்றார் ஏலக்காரர்.

தள்ளி நின்றேன். ஐஸ் பெட்டி என்னைக் கடந்து போனது. அவர் கழுத்தை நீட்டிக் கூட்டத்தின் விளிம்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ நெருப்பு, இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கிற? நண்டக் கொட்டு."

அக்கா முன்னால் வந்து கூடையைக் கவிழ்த்தார்.