நாய்க்குச் சொன்ன கத்திப் பெயர்கள்

நேபாளத்தில் போஜ்பூருக்கு மேலே உள்ள மலைக் கிராமங்களில் தில்சரியைத் தெரியாத வீடு கிடையாது. பட்டறையில் புருஷன் ரத்னபீர் அடிக்கிற குக்ரி என்ற வளைந்த கத்திகளைக் கூடையில் அடுக்கி, கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி விற்பவள். அடிப்பது அவன், பெயர் சொல்லி விற்பது இவள். புல்லின் இலை போல மெலிந்து நீண்டது சிருபாத்தே. வயிறு பெருத்தது போஜ்பூரே. தலை பெருத்த மீன் போல இருப்பது புதுனே. முதுகில் பள்ளம் ஓடினால் ஆங்கோலா. உறைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிக் கத்திகளில் சீவுவதற்குக் கர்தா, தீட்டுவதற்குச் சக்மக். நீளமாக எதைக் கண்டாலும் "சிருபாத்தே குடு" என்று கேட்கும் ஆண்களை அவள் சும்மா விடமாட்டாள்.

"மூக்கு நீளமா இருக்கிறவன் எல்லாம் உன் மாமனாரா அண்ணே?" என்பாள். சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்.

நாய்களுக்கும் அவளிடம் வழி இருந்தது. வேலிக்கு வெளியிலேயே நின்று வீட்டுக்காரரைக் கூப்பிடுவாள். நாயின் கண்ணைப் பார்க்கமாட்டாள், முதுகும் காட்டமாட்டாள். மீறி வந்தால் கல் எடுப்பதுபோலக் குனிவாள். கல்லே வேண்டாம், குனிந்தாலே போதும். இத்தனை தெரிந்தும் போன வருஷம் குணராஜ் ராய் வீட்டு நாய் பாங்க்ரே, அந்தக் கறுப்பு வெள்ளைக் கடுவன், பின்னால் வந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. குணராஜ் வருத்தப்பட்டாரா? "எங்க பாங்க்ரே திருடனைத்தான் கடிப்பான்" என்றார். மனுஷன் வாயில் வருகிற பேச்சா அது!

ரத்னபீர் அவளை முதுகில் சுமந்து ஊசி போடக் கொண்டுபோனான். திரும்பி வரும்போதே சொல்லிவிட்டான்.

"இன்னொரு தடவை நாய் கடிச்சுதுன்னா கூடையை அடுப்புல வச்சிருவேன். கத்தியெல்லாம் கடைக்காரனுக்கே போகட்டும். நீ வீட்டுல இரு."

சொன்னால் செய்கிறவன். வீட்டில் இருந்தால் அவள் ஆடு மேய்ப்பவள், அடுப்பு ஊதுபவள், இன்னார் மருமகள். மலை ஏறினால்தான் அவள் தில்சரி. கடியைவிட அந்தப் பேச்சுதான் அவளுக்கு வலித்தது.

இந்த வருஷம் தீபாவளிச் சமயத்தில், காக்கைக்குச் சோறு வைக்கும் நாள் என்று நினைத்துக் கிளம்பினாள். கணக்கு ஒரு நாள் பிசகிவிட்டது. குணராஜ் வீட்டுத் திருப்பத்தில் பாங்க்ரே எதிரே வந்து நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. அதன் கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் செந்தூரம். காக்கை நாளுக்கு மறுநாள் வரும் நாய்ப் பூசை நாள்! சங்கிலியை அவிழ்த்து விட்டிருந்தார்கள். இன்றைக்கு நாயின் மேல் கல் ஓங்குவது சாமியின் மேல் ஓங்குவதற்குச் சமம். குனியக்கூட முடியாது. கூடை நிறையக் கத்தி இருந்தது. ஒன்றை உருவினால் அப்புறம் எந்த ஊரிலும் அவளுக்கு வாசல் கிடையாது.

பாங்க்ரே பல்லைக் காட்டி உறுமியது. தில்சரி மெல்லப் பக்கவாட்டில் திரும்பி, கூடையை முன்னால் இறக்கி, அதன் பின்னால் உட்கார்ந்தாள். உறுமுகிற நாய்க்குத் தாழ்ந்த குரலில் விடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். என்ன பேசுவது? நாக்கில் எப்போதும் இருப்பதுதான் வந்தது.

"இது சிருபாத்தே ராசா. புல்லு மாதிரி. இது புதுனே, மீனு. இது போஜ்பூரே, உன் எசமான் தொப்பை மாதிரி. இது ஆங்கோலா..."

உறைகளைத் தொட்டுத் தொட்டு முதலிலிருந்து மறுபடி சொன்னாள். உறுமல் இறங்கியது. பாங்க்ரே கூடையை மோந்தது, பிறகு அவள் கையை மோந்தது. கடைசியில் மாலை நசுங்க அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

குணராஜும் மருமகள் சுபனியும் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுபனி டீ கொண்டுவந்தாள். அந்த மலையில் கொல்லர் சாதி வீட்டுப் படி ஏறக்கூடாது; முற்றத்தில்தான் டீ, குடித்த டம்ளரையும் அவர்களேதான் கழுவி வைக்கவேண்டும். பாங்க்ரே எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு படியேறி வீட்டுக்குள் போனது.

"அவனுக்கு உன்னைப் பழகிருச்சு" என்றார் குணராஜ், பெரிய மனசோடு.

தில்சரிக்குச் சுருக்கென்றது. "நாய்க்கு ஒரு வருஷத்துல பழகிருச்சு அண்ணே. உங்களுக்கு எப்பப் பழகும்?"

குணராஜ் அன்றைக்குக் கத்தி வாங்கவில்லை. வழக்கம்போல் டம்ளரைக் கழுவ அவள் குழாயடிக்கு எழுந்தாள். சுபனி குறுக்கே வந்து கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா, நான் கழுவுறேன்."

மாமனார் முன்னாலேயே வாங்கிக் கழுவி, வீட்டுப் பாத்திரங்களோடு கவிழ்த்தாள். தில்சரி கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு, அந்த டம்ளரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

வீடு திரும்பியதும் ரத்னபீர் முதலில் அவள் காலைத்தான் பார்த்தான்.

"அந்த வீட்டு நாய் வந்துச்சா?"

"வந்துச்சு. பக்கத்துல படுத்துக்கிச்சு. அந்த வீட்டுப் பொண்ணு என் டம்ளரைக் கழுவுச்சு."

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். கூடையை எடுத்துக் கவிழ்த்து, அறுந்துபோகிற மாதிரி இருந்த வாரை இழுத்துப் பார்த்தான்.

"இதை மாத்தணும்" என்றான். "அடுத்து எப்பக் கிளம்புற?"