முள் நிற்கும் வரை

வாடகைக் கார்க்காரர் கண் விழித்தபோது முன் கண்ணாடியின் மேல் ஒரு பழைய சாக்கு விரித்துக் கிடந்தது. பக்கத்துக் கண்ணாடி ஒரு விரல் அகலம் இறக்கியிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஜில்லென்று இருந்தது. யாரோ ஒரு நோயாளிக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓயாமல் சவாரி அடித்துவிட்டு, ஏசி சரியாகக் குளிரவில்லை, பாருங்கள் என்று வண்டியை நிறுத்தியவர் சீட்டில் சாய்ந்ததுதான் தெரியும். அப்படியே அடித்துப்போட்டதுபோல் தூங்கியிருக்கிறார். பொழுது சாய்ந்திருந்தது. மெக்கானிக் வெளியே சாயங்கால வெயிலில் நின்றபடி, உள்ளே தூங்குகிறவரின் நெஞ்சு சீராக ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுப்பியிருக்கலாமே தம்பி."

"முள்ளு நிக்கலண்ணே. நின்னாத்தான சொல்ல முடியும்."

கார்க்காரர் இறங்கினார். ஏசி கேஸின் அழுத்தத்தை முள்ளால் காட்டுகிற கேஜ், நீலக் குழாயும் சிவப்புக் குழாயும் சுருட்டிக் கட்டி, கடைச் சுவரின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பானெட் மூடியிருந்தது. பொய் சொல்வதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அந்த மனிதருக்கு அது கிடையாது.

தெருவில் அவரை முள்ளுக்காரர் என்றுதான் சொல்வார்கள். கார் ஏசி வேலை செய்கிறவர்கள் அந்த வரிசையிலேயே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் குளிரவில்லை என்றதும் கேஸை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இவர் அப்படி இல்லை. "கேஸு என்ன, ஆளு இல்லாத வீட்டுல பாலு மாதிரியா, பூனை குடிச்சுட்டுப் போறதுக்கு? எங்கயோ ஒழுகுது. அத மொதல்ல பாப்போம்" என்பார். சோப்புத் தண்ணீரில் பிரஷைத் தோய்த்து, குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, நுரை எங்கே பொங்குகிறது என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பார். சிரங்கு வந்த பிள்ளைக்கு மருந்து போடுகிற மாதிரி இருக்கும்.

கேஜ் மாட்டுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. என்ஜினை அணைத்துவிட்டு, வண்டியின் ஏசிக் குழாய்களின் வாயில் இருக்கும் இரண்டு சின்ன மூடிகளைத் திருகி எடுப்பார். எடுத்த மூடிகளைக் கீழே வைக்க மாட்டார், பையிலும் போட மாட்டார். வாயில் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். கீழே வைத்தால் தூசி ஒட்டும், தூசி உள்ளே போனால் வால்வு கெட்டுவிடும் என்பது அவர் கணக்கு. அதனால் வேலை முடிகிறவரை அவர் வாயிலிருந்து "ம்" தவிர வேறொன்றும் வராது. புதிதாக வருகிறவர்கள், பெரிய கர்வி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிறகு வண்டியின் தடித்த குழாயில் கேஜின் நீலக் குழாய், மெல்லிய குழாயில் சிவப்பு. என்ஜின் நிற்கும்போது இரண்டு முள்ளும் ஒரே அளவைக் காட்டும். ஓட்டிவிட்டு ஏசியைப் போட்டால், டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். நீல முள் இறங்கும், சிவப்பு முள் ஏறும். அவர் கேஜின் கண்ணாடியை நகத்தால் மூன்று தட்டுத் தட்டுவார். முள் நடுங்கி, அலைந்து, ஓரிடத்தில் நிற்கும். நின்ற பிறகுதான் மூடிகளை வாயிலிருந்து எடுத்துப் பேசுவார்.

"ஒண்ணு எறங்கணும், ஒண்ணு ஏறணும். ரெண்டும் சமமா நின்னா உள்ள வேலையே நடக்கலன்னு அர்த்தம்."

"வீட்டுலயும் அப்படித்தாங்க" என்று காரின் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும். அது அவருடைய மனைவி.

அந்த அம்மாவை முதன்முதலாகப் பார்த்த அன்று கார்க்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கழுத்து, கை, ஒரு பக்கக் கன்னம் எல்லாம் தீயில் வெந்து ஆறிய தோல். அடுப்பு வெடித்ததாம். தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டி, உயிரை மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒட்டிய தோலுக்கு வேர்க்காது. உடம்புச் சூடு உள்ளேயே நின்றுவிடும். வெயில் ஏறினால் அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டும், தலை சுற்றும், சில நாள் நினைவே தப்பிவிடும். கடவுள் வேர்வையைக்கூட வரமாகத்தான் கொடுத்திருக்கிறார் என்று கார்க்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் அவர்கள் குடியிருந்தார்கள். அந்த அறையின் மின்கம்பி ஒரு ஃபேனுக்கும் ஒரு விளக்குக்கும் மேல் தாங்காது. ஃபேன் கூரையின் சூட்டை வாரி வாரித் தலையில் கொட்டும். அதனால் முள்ளுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கேஜை மாட்டி, கதவுகளை மூடி, உள்ளே எவ்வளவு குளிர்கிறது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? மனைவியைக் கூப்பிட்டுப் பின்சீட்டில் உட்காரவைப்பார். கையில் ஒரு வெப்பமானியைக் கொடுப்பார். வண்டியின் புகை தெருப் பக்கம் போகும்படி திருப்பி நிறுத்துவார். முன்பக்க நடுவில் ஏசி காற்று வரும் சின்ன ஜன்னலைப் பின்னால் திருப்பி, கதவைச் சாத்துமுன், போதுமா என்பதுபோல் "ம்?" என்பார்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். உங்களுக்குக் காத்த அளந்துதான் குடுக்கத் தெரியும்."

பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை அவரிடம் பொழுதைத் தின்றது அதனால்தான். "இன்னுமா முடியல?" என்று கேட்டால், கன்னத்தில் மூடிகளோடு தலையை மட்டும் ஆட்டுவார். தெரிந்தவர்கள் மறுபடி கேட்க மாட்டார்கள்.

ஒரு வருஷம் கோடையின் தொடக்கத்தில் ஒரு குடும்பம் புதுக் காரோடு வந்தது. அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் வழக்கம்போல அம்மா பின்சீட்டில் இருந்தார். திரும்பி வந்த சின்னப் பெண் ஓடிவந்து கதவைத் திறந்தது. முகத்தைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது.

"பயப்படாத கண்ணு. நான் எறங்கிடறேன், இதோ எறங்கிட்டேன்" என்று அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டே இறங்கினார்.

குழந்தையின் அப்பா கெட்டவார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. சீட்டைக் கொஞ்சம் துடைத்துக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். முள்ளுக்காரர் வாயில் மூடிகளோடு ஒரு துணியை எடுத்துச் சீட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். அந்தத் தெருவில் யாரும் அவ்வளவு சுத்தமான சீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் கடை முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். "எனக்கும் வருத்தந்தான்பா. ஆனா இனிமே அவங்கள வர்றவங்க வண்டியில உக்கார வெக்காத. நாலு பேரு நாலு விதமா சொன்னா கடைக்கு யாரு வருவா?"

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் சொல்லித்தான் கார்க்காரருக்கு இது தெரிந்தது. அந்தத் தகர அறையில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு அந்த அம்மா படுத்திருப்பதாகவும், நேற்று மயங்கி விழுந்துவிட்டதாகவும் சொன்னார். அன்றிரவு படுக்கும்முன் கார்க்காரர் வழக்கமாகச் சொல்லும் பிரார்த்தனையோடு இன்னும் ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்டால் மட்டும் போதுமா என்று அவர் மனசே அவரைக் கேட்டது.

மறுநாள் உச்சி வெயிலில் அவர் வண்டி கடை வாசலில் வந்து நின்றது.

"தம்பி, ஏசி மறுபடி மக்கர் பண்ணுது. பாரு."

முள்ளுக்காரர் ஏசியைப் போட்டு, காற்று ஜன்னலில் கையை வைத்தார். காற்று பனிக்கட்டிபோல் வந்தது. திரும்பிக் கார்க்காரரின் முகத்தைப் பார்த்தார். கார்க்காரர் வானத்தைப் பார்த்தார்.

"ஆமாண்ணே" என்றார் முள்ளுக்காரர் கடைசியில். "முள்ளு நிக்கணும். நேரமாகும்."

"ஆகட்டும். எனக்கு மத்தியானம் என்ன சவாரி? தங்கச்சியக் கூப்பிடு. உள்ள உக்காந்து பாக்க ஆளு வேணாமா? இது என் வண்டி, யாரு கேக்கறாங்கன்னு பாத்துடறேன்."

அன்றிலிருந்து கோடை முழுக்க அந்த வண்டிக்கு நோய். முன்சீட்டில் கார்க்காரர், பின்சீட்டில் அம்மா, திறந்த பானெட்டுக்கு அந்தப் பக்கம் முள்ளுக்காரர். குழாய்கள் மாட்டியிருப்பதால் வண்டி ஓர் அடி நகராது.

"எங்க தங்கச்சி போகணும்?"

"கடலுக்குப் போங்கண்ணே. மீட்டர் போடாதீங்க."

"சரி, கடல் வந்துடுச்சு. எறங்குறியா?"

"நீங்க போயி கால நனைச்சுட்டு வாங்க. நான் வண்டியப் பாத்துக்கறேன்."

ஒரு நாள் அவர் விளையாட்டை விட்டுவிட்டு, நிஜமாகவே போகலாமா என்று கேட்டார். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் வாடியது. "போனா எறங்கணும்லண்ணே. எறங்கினா நாலு பேரு பாப்பாங்க. மழக்காலம் வரட்டும். எல்லாரும் கொடைக்குள்ள இருப்பாங்க, யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க. அப்பப் போலாம்."

"அவரும் வருவாரா?"

"அவரா? கடலுக்கும் கேஜு மாட்டிப் பாக்கணும்பாரு."

பானெட்டுக்குப் பின்னாலிருந்து "ம்" என்று சத்தம் வந்தது. சிரிப்பா, மறுப்பா என்று தெரியவில்லை.

முதலாளி ஒரு தடவை வந்து நின்று பார்த்தார். "இந்த வண்டிக்கு என்னதான்பா வியாதி?" முள்ளுக்காரர் பதில் சொல்ல மூடிகளை வாயிலிருந்து எடுக்கப்போனார். முதலாளியின் பார்வை பின்சீட்டுக்குப் போனது. "சரி சரி, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை.

இப்படியாக அந்தக் கோடையை அவர்கள் கடத்திவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு நாளும் மயக்கம் வரவில்லை. முதல் மழை தகரத்தில் விழுந்த அன்று கார்க்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னார். இனி பயமில்லை என்று நினைத்தார். எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள்.

வெயிலைத் தாங்காத உடம்பு ஈரத்தையும் தாங்கவில்லை. முதலில் சளி என்றார்கள். பிறகு நெஞ்சில் கட்டிக்கொண்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கார்க்காரர்தான் கூட்டிப்போனார். அன்றைக்கு ஏசி போடவில்லை, கண்ணாடிகளை இறுக்க மூடியிருந்தார். பின்சீட்டில் முள்ளுக்காரரின் தோளில் சாய்ந்திருந்த அம்மா, வழியில் ஒரே ஒரு முறை கண்ணைத் திறந்து, "கடலா அண்ணே?" என்று கேட்டார். "இல்ல தங்கச்சி, அது அப்புறம்" என்றார் கார்க்காரர். அந்த அப்புறம் வரவில்லை, அந்த அம்மாவும் திரும்பவில்லை.

மழைக்காலத்தில் ஏசி கடைக்கு யார் வருவார்கள்? முள்ளுக்காரர் கேஜின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். என்றாவது ஒரு வண்டி வந்தால் வேலை செய்வார். முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்ப் பின்கதவைத் திறப்பார். உள்ளே பார்ப்பார். சாத்திவிட்டு வருவார். வண்டிக்காரர்கள், பின்னால் ஏதோ பழுது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிறகு ஒரு நாள், முள்ளுக்காரர் வேலையை விட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. வேறு ஊரில் மீன் வைக்கிற குளிர்கிடங்கில் வேலையாம். குளிர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "அங்க எப்பவும் குளுருமாம்ணே" என்று அவர் சொன்னதாகப் பஞ்சர் கடைக்காரர் சொன்னார்.

வழியனுப்பப் போனார் கார்க்காரர். கடை வாசலில் ஒரு பையும் சுருட்டிய பாயும் இருந்தன. மழை தூறிக்கொண்டிருந்தது.

"வண்டிய ஒரு தடவ பாத்துடறேண்ணே."

"அதுக்கென்ன தம்பி, நல்லாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். ஒரு தடவ."

பானெட் திறந்தது. மூடிகள் கன்னத்துக்குள் போயின. நீலம், சிவப்பு. டக்கென்ற சத்தம். கார்க்காரர் பக்கத்திலேயே நின்றார். ஒரு கோடை முழுக்கப் பார்த்ததில் அவருக்கும் முள் கொஞ்சம் பழகியிருந்தது. இன்று நீல முள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவசரமில்லை, நிற்கட்டும், பொழுது சாய்கிறவரை நின்றுகொண்டிருக்கலாம் என்றுதான் அவர் நினைத்தார்.

முள்ளுக்காரர் கேஜின் கண்ணாடியைத் தட்டவில்லை. முன்கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். நடுவில் இருந்த காற்று ஜன்னல் இன்னும் பின்சீட்டைப் பார்த்தே இருந்தது. சவாரிகள் எத்தனையோ ஏறி இறங்கியும் கார்க்காரர் அதைத் தொடவில்லை. முள்ளுக்காரர் அதன்மேல் விரலை வைத்தார். பிறகு மெல்ல ஓட்டுநர் பக்கமாகத் திருப்பிவிட்டார். வெளியே வந்து என்ஜினை அணைத்து, குழாய்களைக் கழற்றினார். வாயிலிருந்து மூடிகளை எடுத்துச் சட்டையில் துடைத்து, ஒவ்வொன்றாகத் திருகினார்.

"முள்ளு நின்னுடுச்சுண்ணே" என்றார். "நீங்க கெளம்புங்க."