மணலில் காயப்போட்ட தந்தம்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாடத்தில் வைக்காத கவனத்தையெல்லாம் கவலையில் வைத்தேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து புன்னக்காயலுக்கு அப்பளம் ஏற்றிப்போகும் மாட்டுவண்டி என்னுடையது. ஒரு தூறல் விழுந்தால் போதும், வழியில் நிறுத்தி, பெட்டிகளைப் பிரித்து உலர்த்திவிட்டுத்தான் நகர்வேன். பூசணம் பிடித்தால் அடுத்த முறை எவர் சரக்குத் தருவார்?

ஒருமுறை புதிய வியாபாரி ஒருவர் அப்பளம் என்று நாலு ஓலைப்பெட்டிகளை ஏற்றினார். "பெட்டிய அவுக்காதயும் வே" என்று சொல்லி, தம் ஆள் ஒருவனையும் துணைக்கு அனுப்பினார். முக்கூடல் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. வெயில் வந்ததும் அந்த ஆள் குளிக்கப் போனான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆற்று மணலில் பாய் விரித்து, அவர் பெட்டிகளையும் பிரித்துவிட்டேன்.

மூன்றில் அப்பளம். நாலாவதில் மேலாக இரண்டு கட்டு அப்பளம்; அடியில் நனைந்த சாக்குக்குள், துண்டு துண்டாக அறுத்த ஆனைத் தந்தம்.

மலையில் ஆனையைச் சுடுகிறவன், வண்டியில் கொண்டுபோகிறவன், தோணியில் கொழும்புக்கு ஏற்றுகிறவன் என்று பெரிய கூட்டமே உண்டு என வண்டிப்பேட்டையில் பேசிக்கொள்வார்கள். ஜெயிலுக்குப் போனது மட்டும் எப்போதும் வண்டிக்காரன்தான். மூடிவைக்கக்கூடத் தோன்றவில்லை. அப்பளம் விற்பதாக நினைத்துப் படித்துறைச் சனம் கூடிவிட்டது. யாரோ ஓடிப்போய் கிராம முன்சீப்பையும் அழைத்துவந்தார்கள்.

குளித்து வந்தவன் என்னைக் கைகாட்டினான். "அவன் சரக்கு, அண்ணாச்சி. நான் வழியில ஏறுனவன்."

"நனஞ்சிட்டு... பூசணம் புடிச்சிரும்னுட்டு..." என்று பாயைக் காட்டினேன்.

முன்சீப் பாயைப் பார்த்தார். வரிசை வரிசையாக அப்பளம். அதன் ஓரத்தில் தந்தம். சிரித்துவிட்டு, குளித்து வந்தவன் பக்கம் திரும்பினார்.

"ஏலே, திருட்டுச் சரக்க எவனாது ஊரு பாக்க வெயில்ல காயப்போடுவானாலே?"

அவன் ஓடப் பார்த்தான். ஈரவேட்டி காலைத் தடுக்கியது. பிடித்துக்கொண்டார்கள். இரண்டு அறை விழுந்ததும் வியாபாரியின் பேரும் வெளியே வந்தது.

நான் சொன்னதை முன்சீப் எழுதி நீட்டினார். எழுத்துக்கூட்டி என் பேரை எழுதினேன். பள்ளிக்கூடம் போனது அன்று அதற்கு மட்டும்தான் உதவியது.

"இன்னும் என்ன வே முழிக்கீரு? காஞ்சிட்டுல்லா, எடுத்துக் கட்டும்" என்றார்.

அந்தக் கூட்டத்தார் தேடி வருவார்களோ என்று மாதக்கணக்கில் பயந்தேன். ஒருவரும் வரவில்லை. அன்று முன்சீப் அப்படிச் சொன்னதும் மணலில் உட்கார்ந்து, ஓர் அப்பளத்தை எடுத்து ஒடித்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.